தெரிவும் தெளிவும்

'தெரிதல்' என்னும் சொல்லுக்கு அறிதல் என்பது ஒன்றே பொருளென இக்கால மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஆராய்ந்து எடுத்தல் என்பதும் அதன் பொருளேயாம். தமிழ்நாட்டார் தேர்வு, தேர்வுக்குழு என்று வழங்குமிடத்து, ஈழத்தவராகிய நாம் தெரிவு, தெரிவுக்குழு என்று வழங்குகின்றோம். பழம்பொருளை நம் நாட்டு வழக்கு இன்றும் காத்து நிற்கின்றது. அவ்வாறு ஆராய்ந்து எடுத்ததன்மேல் உள்ளம் ஐயமின்றி நிலைபெறுதல் 'தெளிதல்' எனப்படும். வள்ளுவனார் இவ்விரண்டனையும் இணைத்துத் 'தெரிந்து தெளிதல்' என்னும் 51ஆம் அதிகாரத்தை வகுத்தார். அதனையடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என்பதனை வைத்தார். ஆளைத் தெரிதல் ஒரு வினை. தெரிந்தவனை அவனுக்குரிய தொழிலில் நிறுத்துதல் மற்றொரு வினை. இரண்டும் அரிய என்பதனாலன்றோ ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அதிகாரங்கள் வேண்டப்பட்டன!

அண்மையில் இவ்வதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். துடுப்பாட்டத்திற் பெரும்பற்றுடைய மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு நாலு பேரை மாத்தினவை. அது தெரிஞ்சு செய்ததோ, தெரியாமல் செய்ததோ?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகை தோன்றவில்லை. பரிமேலழகர் உரையை வைத்துக்கொண்டு யான் விளக்க முயன்ற பொருளை அவன் வினா ஒரே அடியில் நடுக்களத்திற்குக் கொணர்ந்துவிட்டது.

நிகழ்ந்ததை முதலில் வரிசையாக நோக்குவோம். 2011 மார்ச் 29ஆம் நாள் கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் நடந்த அரையிறுதியாட்டத்தில் இலங்கை அணி நியூசிலாந்தை வென்றது. அந்த ஆட்டத்தில் அஞ்சலோ மத்தியூஸ் தொடையிற் காயமுற்றார். அவர் துடுப்பும் பந்தும் ஒருங்கே வல்ல சகலதுறை ஆட்டக்காரர். நான்கு நாளில், ஏப்ரல் 2ஆம் நாள், மும்பை வாங்கடே மைதானத்தில் இந்திய அணியோடு இறுதியாட்டம். அன்று களம்புகுந்த பதினொருவருள் நால்வர் புதியவர். மத்தியூஸின் இடத்தில் திசார பெரேரா, சாமர சில்வாவின் இடத்தில் சாமர கப்புகெதர, ரங்கன ஹேரத்தின் இடத்தில் நுவான் குலசேகர, அஜந்த மெண்டிஸின் இடத்தில் சுராஜ் ரண்டிவ். இவருள் ரண்டிவ் முதலில் அறிவிக்கப்பட்ட அணியிலேயே இல்லாதவர். மத்தியூஸின் காயத்தை முன்னிட்டு இறுதி நேரத்தில் விமானமேற்றி அழைக்கப்பட்டவர்.

ஆட்டத்தின் முடிவை அறியாதார் இலர். மகேல ஜயவர்த்தன ஆட்டமிழக்காது 103 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை 6 விக்கெட்டுகளை இழந்து 274 ஓட்டங்கள் பெற்றது. மாலிங்கவின் பந்தில் சேவாக்கும் டெண்டுல்கரும் விரைந்து வீழ்ந்தபோது கிண்ணம் கொழும்புக்கே வருமென்று பலரும் எண்ணினர். பின்னர்க் கம்பீர் 97 ஓட்டங்களும் தோனி ஆட்டமிழக்காது 91 ஓட்டங்களும் எடுக்க, இந்தியா பத்துப் பந்துகள் எஞ்சியிருக்க வென்றது. வெற்றிக்குரிய அந்த ஆறு ஓட்டம் குலசேகரவின் பந்தில் அடிக்கப்பட்டது. ரண்டிவுக்கு விக்கெட் எதுவும் கிட்டவில்லை. நம் முத்தையா முரளிதரனுக்கோ அதுவே நாட்டுக்காக ஆடிய இறுதியாட்டம். அவருக்கும் விக்கெட் கிட்டவில்லை. ஆயினும் நடுவுநிலையோடு நோக்குவார் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். புதிதாகச் சேர்ந்த குலசேகர 32 ஓட்டங்கள் எடுத்தார். பெரேரா ஒன்பதே பந்தில் 22 ஓட்டங்கள் எடுத்ததோடு, கம்பீரின் விக்கெட்டையும் வீழ்த்தினார். நான்கு மாற்றமும் நான்கு பிழை என்று கூறுதல் கணக்கறியாதார் கூற்றாம்.

அடுத்த சில நாட்களில் ஒருவர் பின் ஒருவராகப் பதவி துறந்தனர். ஏப்ரல் 5ஆம் நாள் குமார் சங்கக்கார தலைமையை விட்டார். மகேல உபதலைமையை விட்டார். அரவிந்த டி சில்வாவைத் தலைவராகக் கொண்ட தெரிவுக்குழுவும் விலகிற்று. இவ்வரவிந்தர் யார்? 1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தி, ஆட்டமிழக்காது 107 ஓட்டங்களும் எடுத்து, இந்நாட்டுக்கு முதல் உலகக் கிண்ணத்தை ஈட்டித் தந்தவர். ஒரு கிண்ணத்தைக் கொணர்ந்தவர், மற்றொரு கிண்ணம் கைதவறிய நாட்களில் ஆசனத்தை விட்டு எழுந்தார்.

எழுந்து போனவர் போனார், ஐயம் போகவில்லை. மத்தியூஸின் விலகலே அணியின் சமநிலையைக் குலைத்தது எனச் சங்கக்கார பின்னாளிற் கூறியதுபோல, விளக்கங்கள் துண்டு துண்டாக வந்தன. அவை முன்னரே ஒருங்கு தொகுத்து உரைக்கப்பட்டிருப்பின் வதந்திக்கு இடம் சுருங்கியிருக்கும். 2020 ஜூன் மாதத்தில், 2011இல் விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்த மகிந்தானந்த அளுத்கமகே, அந்த இறுதியாட்டம் விற்கப்பட்டது என்று கூறினார். பொலிஸ் விசாரணை தொடங்கிற்று. முதலில் அழைக்கப்பட்டவர் அரவிந்தர்; ஆறு மணி நேரத்துக்கு மேல் வினவப்பட்டார். மறுநாள் உபுல் தரங்க. அதற்கு மறுநாள் சங்கக்கார. ஜூலை 3ஆம் நாள், சான்று எதுவும் இல்லை என்று விசாரணை கைவிடப்பட்டது. அணிமாற்றத்துக்கு அவர்கள் கூறிய காரணம் ஏற்கத்தக்கது என்று பொலிஸாரே கூறினர். சர்வதேச கிரிக்கெட் பேரவையும் தன்பாற் சான்றில்லை என்றது.

வாசகர் இவ்விடத்திற் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ஒன்பது ஆண்டுகளின் பின் பொலிஸ் அறையிற் கூறப்பட்ட விடை, ஏற்கத்தக்க விடையாகவே இருந்தது. ஒரு தாளின் இரு பக்கத்தில் எழுதி 2011 ஏப்ரலிலேயே நாட்டவர் முன் வைத்திருக்கத்தக்க விடை அது. வைக்கப்பட்டிருப்பின், ஒரு வீரர் தம் பெயரைக் காக்க அத்துணை மணி நேரம் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. பதவி துறத்தல் பெருந்தன்மையாகலாம். அது கணக்கொப்புவித்தல் ஆகாது.

தெரிந்தவர் துன்புறுதல் நம் நாட்டுக்கே உரியதன்று. அமெரிக்கர் 'ஃபுட்பால்' என்பது நம் உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அங்கே ஆண்டுதோறும் கல்லூரி வீரரைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும். சென்ற ஆண்டிற் கடைநிலையில் நின்ற கழகத்துக்கே முதலுரிமை. இம்முறை 1936ஆம் ஆண்டு தொடங்கிற்று. அவ்வாண்டு முதன்முதலாகத் தெரியப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பார் அத்தொழிலாட்டத்தில் ஒருநாளும் ஆடவேயில்லை. 2000ஆம் ஆண்டில் 199ஆம் பெயராக எடுக்கப்பட்ட டாம் பிரேடியோ அவ்வாட்டத்தின் தலைசிறந்த வீரருள் ஒருவரானார். தெரிவு என்பது எத்துணை இடருடையது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1998ஆம் ஆண்டில் சான் டியாகோ கழகத்தின் பொது முகாமையாளராய் இருந்தவர் பாபி பெத்தார்டு. அவர் இரண்டாம் உரிமையைப் பெறும்பொருட்டு மற்றொரு கழகத்துக்குத் தம் வருங்காலத் தெரிவுரிமைகளையும் வீரர் இருவரையும் கொடுத்தார். அவ்வாறு பெற்ற உரிமையால் ரையன் லீஃப் என்னும் இளைஞரைத் தெரிந்தார். அந்த இளைஞர் நிலைபெறவில்லை. அத்தெரிவு அவ்வாட்ட வரலாற்றின் பெரும்பிழைகளுள் ஒன்றெனப் பேசப்படுவதாயிற்று. 2000ஆம் ஆண்டில் பெத்தார்டு ஓய்வுபெற்றுச் சென்றார். பிழை மறைக்கப்படவில்லை, இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகின்றது. ஆனால் 2018ஆம் ஆண்டில் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடமளிக்கப்பட்டது. முன்னர் வாஷிங்டன் கழகத்தை வெற்றிக்கழகமாக்கிய பணி ஒரு பக்கம். லீஃபைத் தெரிந்த பிழை மறுபக்கம். இரண்டையும் நிறுத்து, மிகுந்ததைக் கொண்டனர். குணமும் குற்றமும் நாடி மிகையைக் கொள்க என்று வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவேயாம்.

அவ்வதிகாரத்தின் இறுதிக் கருத்தே என் மாணவன் வினாவுக்கு நேர்விடை. ஆராயாமல் ஒருவனை நம்புதல் தீங்கு. ஆராய்ந்து நம்பியபின் அவன்மேல் ஐயங்கொள்ளுதலும் அதற்கு ஒப்பான தீங்கு என்கின்றார் வள்ளுவர். முன்னது தெரிவார் செய்யும் பிழை. பின்னது பெரும்பாலும் நாம் செய்யும் பிழை. நாம் வெற்றி பெற்றால் தெரிந்தவனை மறந்துவிடுகின்றோம். தோற்றால் அவனைத் துரோகி என்கின்றோம். கருத்துப்பிழைக்கும் நெறிப்பிழைக்கும் இடையில் உள்ள வேலியை நாமே பிடுங்கி எறிந்துவிட்டு, நேர்மையான மனிதர் இப்பொறுப்புக்கு ஏன் வருவதில்லை என்று வியக்கின்றோம்.

தெரியும் முறைபற்றித் தமிழகம் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே நுணுகி எண்ணியுள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. வாரியங்களுக்கு ஆளெடுக்கும் விதி அவற்றில் வெட்டப்பட்டுள்ளது. வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். இறைசெலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேண்டும். பெயரோலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பர். அஃது ஒரு பிராமண ஊரின் சபை; அங்கு எல்லார்க்கும் இடமிருந்ததில்லை என்பதனையும் மறைக்காது சொல்லல் வேண்டும். ஆயினும் அவ்விதிகளுள் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாது போனவன் மீண்டும் குடத்திற் பெயரிடத் தகான். அவன் சுற்றத்தாரும் தகார். பதவிவிட்டுப் போதலைக் கல்வெட்டுக் குற்றமென்னவில்லை. கணக்குக் காட்டாமற் போதலையே குற்றமென்றது.

நம் நாட்டிலோ பொறுப்புப் பலர் கையிற் சிதறிக் கிடக்கின்றது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 2017 டிசம்பரில், அவ்வொப்புதல் கிட்டாமையால், இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒன்பது வீரர் விமான நிலையத்திலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். தெரிவுக்குழு பெயரெழுதும், அமைச்சர் ஒப்பமிடுவார், அணித்தலைவரும் பயிற்றுநரும் களத்துக்கேற்பப் பதினொருவரை முடிவு செய்வர். வென்றால் நால்வர்க்கும் பங்கு. தோற்றால் யார் பொறுப்பு? பலர் கைபட்ட பண்டம் உடைந்தால் உடைத்தவர் எவருமிலர் என்பது நம் வீடுகளிலும் காணும் வழக்கமன்றோ?

பெருங்களத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. தமிழ்த்தினப் போட்டிக்கு விவாத அணியைத் தெரியும் பொறுப்பு ஆண்டுதோறும் ஆசிரியராகிய எம்மிடம் வருகின்றது. தெரிவு முடிந்த மறுநாளே தந்தையொருவர் வந்து, "ஐயா, என்ரை பிள்ளையை ஏன் விட்டனீங்கள்?" என்பார். குரல், சொல்வளம், மறுத்துரைக்கும் திறன் என்று மூன்று தலைப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் எழுதிய குறிப்பு எம் கொப்பியில் இருக்கும். அதனை அவர் முன் விரித்து வைப்போம். வாசித்தபின் அவர் உடன்படாமலே போவதும் உண்டு. ஆனால் யாருக்கோ வேண்டியவர் என்பதற்காக அப்பிள்ளையை எடுத்தார்கள் என்று ஒழுங்கையில் நின்று சொல்லமாட்டார். உடன்பாடின்மை வேறு, ஐயம் வேறு. முன்னதைத் தாங்கலாம், பின்னது ஊரையே அரிக்கும்.

நல்லூர்க் கந்தன் உற்சவத்தில் சுவாமி எத்தனை மணிக்கு எழுந்தருளுவார் என்று எவரும் ஐயுறுவதில்லை. நேரம் முன்னரே குறிக்கப்படும். குறித்த நேரத்தில் மணி ஒலிக்கும். செல்வனும் வறியவனும் அந்நேரத்துக்கே வந்து நிற்பர். முன்கூட்டி அறிவித்த விதியும் விதிவழி நடத்தலும் இருக்குமிடத்து ஐயத்துக்கு வேர் ஊன்ற மண் கிடையாது.

ஆதலின், நாட்டின் அணியைத் தெரியும் பெரியோர் பெயர்ப்பட்டியலோடு காரணப்பட்டியலையும் வெளியிடுவாராக. வென்றாலும் தோற்றாலும், நாம் எண்ணியது இது, நிகழ்ந்தது இது என்று எழுதி வைப்பாராக. அதன்பின் அவர் ஆசனத்தில் இருப்பதும் எழுவதும் அவர் விருப்பம். நாமும் அக்காரணங்களைப் படித்து, பிழையெனிற் பிழையென்போம், சான்றின்றிக் குற்றமென்னாதிருப்போம். என் மாணவனுக்கு யான் கூறிய விடையும் இதுவே: "தம்பி, அவர்கள் தெரிந்துதான் செய்தார்கள். தெரிந்த காரணத்தை நமக்கு நேரத்தோடு தெரிவித்திருந்தால், நாமும் தெளிந்திருப்போம்."