சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போகும் முன்

இலங்கையின் தென்மேற்கில் இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கால் பதித்துக் கிடக்கிறது சிங்கராஜ வனம். ஒரு காலத்தில் அந்தப் பகுதி முழுவதையும் மூடியிருந்த தாழ்நில மழைக்காட்டில் இன்று மிஞ்சியிருக்கும் பெரிய துண்டு இதுதான். 1978இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும், 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் ஆனது. மரபுரிமைப் பட்டியலில் ஏறிய பரப்பு 8,864 ஹெக்டேர். இங்குள்ள மரங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதவை.

யால, உடவலவ போன்ற தேசியப் பூங்காக்களுக்குப் போய்வந்த பழக்கத்தில் இந்தக் காட்டுக்கும் திட்டம் போடுவது சரிவராது. அங்கே ஜீப்பில் உட்கார்ந்தபடி திறந்த வெளியில் யானையையும் சிறுத்தையையும் தேடலாம். சிங்கராஜவில் நடக்கத்தான் வேண்டும். மரங்கள் 35, 40 மீட்டர் உயரம். சில 50 மீட்டரைத் தொடும். நண்பகலிலும் வெளிச்சம் மங்கல்தான். சிறுத்தை இருக்கிறது, ஆனால் பார்ப்பது அரிது. இங்கே பார்க்கக் கிடைப்பவை பறவைகள், தவளைகள், ஓணான்கள், பூச்சி பிடிக்கும் குடுவைத் தாவரம், கிளை உச்சியில் தாவும் ஊதாமுக லங்கூர்கள். யானை பார்ப்பதுதான் ஆசை என்றால் உடவலவைக்கே போய்விடலாம்.

அடுத்தது மழை. ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீட்டர் வரை பெய்யும் இடம் இது. சென்னையில் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவுதான். வறண்ட மாதம் என்று சொல்லப்படும் பிப்ரவரியிலும் இங்கே மழை உண்டு. மே முதல் ஜூலை வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அக்டோபர், நவம்பரில் மீண்டும் வலுக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலும், ஆகஸ்ட், செப்டம்பரிலும் போவது நல்லது. பருவமழைக் காலத்தில் நனைவதைவிடப் பெரிய கவலை மண்சரிவு. 2017 மே மாதம் இரத்தினபுரி உள்ளிட்ட தென்மேற்கு மாவட்டங்களில் வெள்ளமும் சரிவும் பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கின. வானிலை எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்தி.

காட்டுக்குள் போக முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழியாகப் போவது என்பதைத் தீர்மானித்தால் பாதித் திட்டம் முடிந்தது. கொழும்பிலிருந்து வருபவர்கள் இரத்தினபுரி, கலவான, வெத்தாகல வழியாக வடமேற்கிலுள்ள குடாவ வாயிலுக்கு வருவார்கள். பழைய வாயில், பாதை அகலம், ஏற்றம் குறைவு. பாதை ஏன் அவ்வளவு அகலம் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகை ஆலைக்காக இந்தப் பக்கம் மரம் வெட்டினார்கள். லாரி போவதற்குப் போட்ட சாலைதான் இன்று நடைபாதை. இயற்கை ஆர்வலர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 1977இல் வெட்டு நின்றது. மூலவெல்ல, சிங்ககல ஆகிய குன்றுகளுக்கும் இங்கிருந்தே ஏறலாம். சிங்ககல முழுநாள் நடை.

காலி, மாத்தறைக் கடற்கரையில் தங்கியிருப்பவர்களுக்குத் தெனியாய பக்கத்துப் பிட்டதெனிய வாயில் வசதி. ஜின் கங்கையின் மேல் தொங்கு பாலத்தைக் கடந்து காட்டுக்குள் போக வேண்டும். ஓடைகளும் அருவிகளும் அதிகம், பாதையும் கொஞ்சம் கரடுமுரடு. மூன்றாவது, கிழக்கே இறக்குவானைப் பக்கம் 1,000 மீட்டர் உயரத்தை ஒட்டியிருக்கும் மார்னிங்சைட். குளிரான அந்த மேட்டுக்காடு கொம்பு ஓணான்களுக்கும் தவளைகளுக்கும் பேர்போனது. ஆனால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ஜீப்பும் தேவை. முதல் பயணத்துக்கு அது வேண்டாம். போகும் வழியில் தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். வழி கேட்கச் சிங்களம் தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம்.

எந்த வாயிலானாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலகத்தில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், வழிகாட்டியுடன்தான் நடக்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். அது அடிக்கடி மாறும் என்பதால் புறப்படுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. வழிகாட்டிக்கான பணத்தை வீண்செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்புக்கணக்கு. பெரும்பாலான வழிகாட்டிகள் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள். சருகோடு சருகாக அசையாமல் இருக்கும் ஓணானையோ, மரப்பொந்தின் நிழலில் பகலெல்லாம் தூங்கும் ஆந்தையையோ புதியவர் கண்ணால் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். செரண்டிப் ஆந்தை என்ற செம்பழுப்புக் குட்டி ஆந்தையையே எடுத்துக்கொள்ளலாம். பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கல காட்டில் அதன் குரலைக் கேட்டார். உருவத்தைப் பார்த்தது 2001 ஜனவரியில், சிங்கராஜவில். 2004இல்தான் அது புதிய இனம் என்று முறைப்படி பதிவானது.

இந்தக் காட்டில் தவறவிடக் கூடாத காட்சி ஒன்று உண்டு என்றால், அது கலப்புப் பறவைக் கூட்டம். பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லாத பாதையில் திடீரென்று கலகலப்பு எழும். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் ஓயாமல் கத்திக்கொண்டு புதர்களைக் கிளறும். அவற்றுக்கு மேலே கொண்டையுள்ள கரிச்சான் உட்கார்ந்திருக்கும், கலைந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்க. பின்னாலேயே செம்முகப் பூங்குயில், நீல மேக்பை, மரங்கொத்தி என்று வரிசையாக வரும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சரத் கொட்டகம 1980களின் தொடக்கத்திலிருந்தே இக்கூட்டங்களை ஆராய்ந்தவர். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பதினோரு பன்னிரண்டு இனங்களும், மொத்தத்தில் நாற்பது பறவைகளும் இருக்கும் என்பது அவரும் சகாக்களும் எடுத்த கணக்கு. கரிச்சான் மற்றப் பறவைகளின் அபாயக் குரலையும் போலச் செய்யும் என்பதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டம் எங்கே, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வாயில் திறந்ததும் உள்ளே போய், அவசரமில்லாமல் நடப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது கெட்ட பழக்கம்; இரை தேடலையும் கூட்டையும் விட்டுவிட்டுப் பறவை எதிரியைத் தேடி அலைக்கழியும்.

பலரைத் தயங்க வைப்பது அட்டை. ஈரம் இருக்கும் நாளில் அட்டை ஏறாமல் இருக்காது. காற்சட்டையின் மேலாக முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணி அட்டைக்காலுறை பெரிய பாதுகாப்பு. வாயிலருகேயுள்ள கடைகளிலும் விடுதிகளிலும் கிடைக்கும். கடித்துவிட்டால் தீ வைப்பதோ உப்புப் போடுவதோ வேண்டாம். அட்டை குடித்ததைக் காயத்திலேயே கக்கக்கூடும். நகத்தை வாய்ப்பக்கமாக நுழைத்துத் தள்ளிவிட்டால் போதும். எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் கசிவு சற்று நேரம் நீடிக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது குழிவிரியன். மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த, சருகு நிறச் சிறு பாம்பு. இலங்கையில் நஞ்சுப்பாம்புக் கடிகளில் பெரும்பகுதி இதனுடையது. வழக்கமான பாம்புக்கடி முறிமருந்து இதற்குப் பலிப்பதில்லை. மூடிய காலணி, பாதையை விட்டு விலகாமை, பார்க்காமல் மரக்கட்டையில் கை வைக்காமை, உட்காராமை ஆகியவையே காப்பு. கடிபட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூட்டை சிறிதாக இருக்கட்டும். மழையங்கி போட்டால் உள்ளே வேர்வையில் நனைய வேண்டிவரும். உள்ளூர்க்காரர்களைப் போல் குடை எடுத்துக்கொள்ளலாம். சீக்கிரம் உலரும் முழுக்கை உடை, இருநோக்கி, கேமராவுக்கு நீர்புகாப் பை, தண்ணீருக்கு நிரப்பிக்கொள்ளும் குப்பி போதும்.

சூழல் சுற்றுலா என்ற பெயர் பொருந்துவதும் பொருந்தாததும் தங்குமிடத்தில் தீர்மானமாகிறது. காட்டோரக் கிராமங்கள் தலைமுறைகளாகக் காட்டை நம்பியவை. கித்துள் எனப்படும் கூந்தற்பனையின் பாளையைச் சீவிப் பாணியும் கருப்பட்டியும் காய்ச்சுவார்கள். பிரம்பு, மூலிகை எடுப்பார்கள். பாதுகாப்புச் சட்டம் வந்ததும் இவற்றில் பல தடையாயின. காடு காக்கப்படுவதால் வரும் வருமானம் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேராவிட்டால், வல்லப்பட்டை என்ற நறுமண மரத்தைக் கடத்துபவர்களுக்கு வழி காட்ட ஆள் கிடைப்பது கடினமல்ல. குடாவவிலும் தெனியாயவிலும் வீட்டோடு சேர்ந்த விடுதிகள் இருக்கின்றன. வீட்டுச் சோறும் பலாக்காய்க் கறியும் பாணியூற்றிய தயிரும் அங்கே கிடைக்கும். இலை, விதை, பூச்சி என எதையும் காட்டிலிருந்து எடுத்துவருவது குற்றம் என்பதையும் குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

கடற்கரை விடுதியிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஒருநாள் பயணங்கள் விற்கப்படுகின்றன. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலை முழுவதும் அதில் வண்டியிலேயே கழியும். பிற்பகலில் மழை பிடித்தால் அந்த ஒரு நாளும் போயிற்று. வாயிலருகே இரண்டு இரவாவது தங்க முடியாதவர்கள் சிங்கராஜவை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்வது நல்லது.