லேப்பில் ஒன்றும் தெரியவில்லையாம்!

எதிர் வீட்டு இளம் தாய் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். அவளுடைய ஒன்பது மாதக் குழந்தைக்கு முதல் நாள் முதல் வாந்தி, தண்ணீராகப் பேதி.

"அக்கா, மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்துட்டாங்க. ஒண்ணும் தெரியலைன்னு எழுதியிருக்காங்க. அப்போ பல் முளைக்கிறதுதானே காரணம்? அத்தை அப்படித்தான் சொல்றாங்க."

பல் முளைப்பதால் இப்படிப் பேதி ஆகாது. 'தெரியலை' என்றால் அந்த மைக்ராஸ்கோப்புக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் எத்தனையோ ரகம் இருக்கிறது, சகோதரிகளே!

லேப் மேஜையில் இருப்பது வெளிச்சத்தால் பார்க்கும் சாதாரண ரகம். மேலே ஒரு லென்ஸ் 10 மடங்கு பெரிதாக்கும். கீழே உள்ளது 100 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 1,000 மடங்கு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நாக்குப்பூச்சியின் முட்டை சுமார் 60 மைக்ரான், பளிச்சென்று தெரியும். அமீபாவும் தெரியும். ஆனால் அது நகர்வதைப் பார்க்க வேண்டுமானால் மலம் எடுத்த அரை மணிக்குள் லேப்புக்குப் போக வேண்டும். ராத்திரி எடுத்து வைத்ததைக் காலையில் கொடுத்துவிட்டு லேப்காரரைக் குறை சொல்லக் கூடாது!

உயிருள்ள செல்கள் கண்ணாடி போல இருப்பதால் சாயம் போட்டுத்தான் பார்ப்பார்கள். சாயம் போட்டால் பெரும்பாலும் அவை செத்துவிடும். சாயமே இல்லாமல், உயிரோடு, நிழலும் வெளிச்சமுமாகக் காட்டும் 'பேஸ் கான்ட்ராஸ்ட்' முறையைக் கண்டுபிடித்தவர் ஹாலந்துக்காரர் ஸெர்னிகே. 1953-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். 'ஃப்ளோரசன்ட்' ரகம் இன்னொன்று. காசநோய்க் கிருமி அதில் இருட்டில் மின்மினி போல மின்னும். சளியில் தேடுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆனால் வெளிச்சத்தால் பார்க்கும் சாதாரண மைக்ராஸ்கோப்புகளுக்கு ஓர் எல்லை உண்டு: சுமார் 0.2 மைக்ரான். அதைவிடச் சின்னதை அவற்றால் பிரித்துக் காட்ட முடியாது. தோசைத் திருப்பியால் மூக்குத்தித் திருகாணியை எடுக்க முடியுமா, அதுபோலத்தான். லென்ஸை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும்.

1931-ல் பெர்லினில் ரஸ்காவும் நோலும் வெளிச்சத்துக்குப் பதில் எலக்ட்ரானைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். அதில் கண்ணாடி லென்ஸ் கிடையாது, காந்தச் சுருள்தான். பார்க்கும் பொருளைக் காய வைத்து, மிக மெல்லியதாகச் சீவி, காற்றே இல்லாத குழாயில் வைக்க வேண்டும். உயிரோடு எதையும் பார்க்க முடியாது. படமும் கறுப்பு வெள்ளைதான். பத்திரிகைகளில் வரும் வண்ணமெல்லாம் பிறகு தீட்டியது!

இந்தக் கருவிதான் 1973-ல் ஒரு பெரிய புதிரை அவிழ்த்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்த ரூத் பிஷப் என்ற பெண்மணிக்கு ஒரே கவலை: பேதியோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காரணமே பிடிபடவில்லை. நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் உட்சவ்விலிருந்து துளி எடுத்து அவரும் சக ஆய்வாளர்களும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். செல்லுக்குள் கொத்துக் கொத்தாக வைரஸ்! அளவு சுமார் 0.07 மைக்ரான். சாதாரண மைக்ராஸ்கோப்பில் எப்படித் தெரியும்? வண்டிச் சக்கரம் போல் இருந்ததால் பிறகு 'ரோட்டா' என்று பெயர் வந்தது. லத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம்.

இன்று இதைக் கண்டறிய அவ்வளவு பெரிய கருவி வேண்டாம்; மலத்திலேயே வேறு சோதனை செய்து சொல்லிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல ஏது நேரம்? "குழந்தை அழுதா கண்ணீர் வருதா? கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சு?" என்றுதான் கேட்டேன்.

"காலையிலேருந்து போகலைக்கா."

கண்ணும் குழி விழுந்திருந்தது. ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் போட்டிருந்த அளவு தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே, தாய்ப்பாலையும் நிறுத்தாமல், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அங்கே டாக்டர் துத்தநாக மருந்தும் எழுதினார். ஆன்டிபயாடிக் எழுதவில்லை, வைரஸுக்கு அது வேலை செய்யாது.

தடுப்பூசி அட்டையைப் பார்த்தேன். ரோட்டா சொட்டு மருந்து 2016 முதல் நம் அரசுத் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாகவே தருகிறார்கள். அட்டையில் இரண்டு தவணைதான் இருந்தது. மூன்றாவதுக்கு அவள் அம்மா வீட்டில் இருந்தாளாம்.