ஜப்பானிய முட்டைக்கோஸ் சாலட்: என்ன சொல்லி விற்பது?

எண்ணூர் துறைமுகம் வழியாக 2010-இல் நிசான் கார்கள் கப்பலேறத் தொடங்கின. ஜப்பானியப் பெயர்கள் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. இன்று இராயபுரம், திருவொற்றியூர் கடைகளில் அந்நாட்டுச் சமையலுக்கும் சாமான் கேட்டு வந்தால், 'இல்லை' என்று அனுப்பிவிடலாமா?

அவர்களது முட்டைக்கோஸ் சாலட்டை வீட்டில் செய்து பார்த்தோம். கால் கிலோ கோஸைக் கழுவி, மெல்லியதாகச் சீவி, அரை டீஸ்பூன் உப்புப் பிசிறி, 10 நிமிடம் கழித்து நீரைப் பிழிந்தோம். வினிகர் ஒரு டேபிள் ஸ்பூன். சோயா சாஸ், சர்க்கரை, எள்ளெண்ணெய் தலா ஒரு டீஸ்பூன் கலந்து, வறுத்த வெள்ளை எள் தூவினோம்.

சிக்கல் எண்ணெயில்தான். ஜப்பானியர் சேர்ப்பது வறுத்த எள்ளில் எடுத்தது. நிறமும் மணமும் தூக்கலாக இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெய், வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டியது. 'இரண்டும் ஒன்றுதான்' என்று கொடுத்தால், ருசி கெட்ட வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். அதற்காக விலை கூடிய வெளிநாட்டுப் புட்டிகளை வாங்கி முதலை முடக்கவும் வேண்டாம். 'நல்லெண்ணெய் வேறு, ஆனால் எள்ளைச் சிவக்க வறுத்துச் சேர்த்தால் மணம் கிடைக்கும்' என்று உள்ளதைச் சொல்வோம்.

வினிகரிலும் கவனம் தேவை. அசிட்டிக் அமிலத்தில் தயாரித்தது என்றால் லேபிளில் 'செயற்கை' என்றிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. படித்துப் பார்த்து விற்போம்.

வினிகர், சோயா சாஸ், எள், நல்லெண்ணெய் நான்கும் நம் அலமாரிச் சரக்குகளே. ஒரே தட்டில் வைத்தால், ஒன்று கேட்டவர் நான்கும் வாங்குவார். பெரிய அங்காடிகள் விலையைக் குறைக்கலாம். பக்குவம் சொல்லிக் கொடுக்க நம்மை விட்டால் யார்?