வாங்கும் முன் வாட் கணக்கு

எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் அனிமேஷன் படிக்கிறார். அவர் வீட்டில் இருப்பது, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதைச் சீர்செய்து விற்ற பழைய மேசைக் கணினி. முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்க அதன் வேகம் போதவில்லை. தாயார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்க, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவந்தார். அந்தக் கார்டுக்குத் தேவையான 8 பின் மின் இணைப்பு கணினிப் பெட்டிக்குள் இல்லை. கடையில் ஒரு கன்வெர்ட்டர் கேபிளைக் கொடுத்து, ஹார்ட் டிஸ்க்குக்குச் செல்லும் வயரிலிருந்து இணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

கணினி இயங்கியது. ஆனால், காட்சியை ரெண்டர் செய்யத் தொடங்கிய சில நொடிகளில் அணைந்துபோனது. ஒவ்வொரு முறையும் அப்படியே. கார்டில் குறை ஏதும் இல்லை என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கை யாரும் போடவில்லை என்பதே குறை.

நான் பொறியாளன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். எங்கள் துறையில் 'நிரப்புப் பண்டங்கள்' என்போம். பேனாவுக்கு மையைப் போல, ஒன்றின் பயன் மற்றொன்றைச் சார்ந்திருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த மற்றொன்று, கடைத்தெருவில் எஸ்எம்பிஎஸ் என்று அழைக்கப்படும் மின்வழங்கிப் பெட்டி. கார்டு விளம்பரங்களில் வேகமும் நினைவகமும் பெரிய எழுத்தில் இருக்கும். வாட் அளவு எங்கோ மூலையில் இருக்கும்.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். எஸ்எம்பிஎஸ் மீதிருந்த லேபிளில் 300 வாட் என்றிருந்தது. புராசசருக்கு 65, கார்டுக்கு 170, மற்ற பாகங்களுக்கு ஏறத்தாழ 50. "கூட்டினால் 285 தானே சார், 15 வாட் மிச்சம் இருக்கிறதே?" என்று கேட்டார் அந்த மாணவர். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த 300 ஒரு கூட்டுத்தொகை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. புராசசரும் கார்டும் பெரும்பாலும் நம்பியிருப்பது 12 வோல்ட்டை மட்டுமே. லேபிளில் அந்த வரிசைக்கு நேரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையான வரம்பு தெரியும். அதில் 22 ஆம்பியர் என்றிருந்தது; அதாவது 264 வாட். (12 வோல்ட் இரண்டு வரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டிவிடக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து உச்ச அளவு தனியே அச்சிடப்பட்டிருக்கும்.)

அடுத்தது, 65 வாட் என்று குறிக்கப்படும் புராசசர்கள் பல, முழு வேகத்தில் சிறிது நேரம் 100 வாட்டையும் தாண்டும். கார்டும் மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைவிட வெகு அதிகமாக இழுக்கும். 2022-இல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை, எஸ்எம்பிஎஸ் தன் திறனைப் போல இரு மடங்கு சுமையை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று கூறுவது இதனால்தான். நல்ல எஸ்எம்பிஎஸ் சுமை மீறினால் தானே அணைந்துவிடும். இங்கு நடந்தது அதுவே. பாதுகாப்பு இல்லாத மலிவுப் பெட்டி என்றால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்திருக்கக்கூடும். 170 வாட் கார்டுக்கு 550 வாட், 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 850 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா பரிந்துரைப்பதை விற்பனைத் தந்திரம் என்று முதலில் நானும் நினைத்தேன்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது அந்தக் கன்வெர்ட்டர் கேபிள். மதர்போர்டின் ஸ்லாட் வழியே கார்டு பெறக்கூடியது அதிகபட்சம் 75 வாட். 6 பின் இணைப்பு 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும். ஹார்ட் டிஸ்க்குக்குச் செல்லும் சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட் மட்டுமே. 170-இல் 75 ஸ்லாட் வழியே வந்தாலும் மீதி 95 வாட் அந்த மெல்லிய வயரில்தான் செல்ல வேண்டும். பிளக் உருகுவதும் தீப்பிடிப்பதும் இப்படித்தான். 2016-இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கும் மேல் இழுப்பது சோதனைகளில் தெரியவந்து, ஒரு மாதத்துக்குள் அந்நிறுவனம் டிரைவர் மென்பொருளைத் திருத்தி வெளியிட நேர்ந்தது. தயாரிப்பாளர்களே சறுக்கிய இடம் இது.

'80 பிளஸ்' முத்திரையைத் திறனளவு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே. 500 வாட் எஸ்எம்பிஎஸ் எந்த முத்திரை பெற்றிருந்தாலும் உள்ளே தர வேண்டியது 500 வாட்தான். நம் வீடுகளில் இன்னொரு வரம்பும் உண்டு: யுபிஎஸ். 600 விஏ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். மானிட்டரும் அதில்தான் இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அந்த அலுவலகக் கணினியில் மதர்போர்டுக்குச் செல்லும் பிளக், சந்தையில் கிடைக்கும் வழக்கமான 24 பின் அமைப்பில் இல்லை. மாற்றினால் மதர்போர்டு, அதைத் தொடர்ந்து பெட்டி எனச் செலவு நீளும். அது கார்டின் விலையை எட்டிவிடும் போலிருந்தது. எனவே கார்டைச் சிறு நட்டத்தில் விற்றுவிட்டு, ஸ்லாட்டிலிருந்து மட்டுமே மின்சாரம் பெறும் 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டை வாங்கினார். அதற்குப் பரிந்துரைக்கப்படும் எஸ்எம்பிஎஸ் 300 வாட்தான். ரெண்டர் சற்றுத் தாமதமாகவே முடிகிறது; ஆனால், முடிகிறது. அந்தக் கன்வெர்ட்டர் கேபிளை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.