இறாற் பண்ணைச் சான்றிதழும் அயற் கமக்காரரும்

விதைநெல் வாங்கும் கமக்காரர் மூட்டையிற் கட்டியுள்ள சிட்டையை முதலிற் பார்ப்பர். வயலையும் விதையையும் விற்பனையாளர் அல்லாத வேறொருவர் சோதித்துள்ளார் என்பதற்கு அச்சிட்டையே சான்றாகும். வளர்ப்பு இறாலுக்கும் மீனுக்கும் இத்தகைய சிட்டை இன்று உலகச் சந்தையில் வழங்கிவருகின்றது. கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சுண்டிக்குளம் முதலிய கடனீரேரிகளை அடுத்து வாழும் கமக்காரர் இதனை அறிந்திருத்தல் நன்று. பண்ணையில் தேக்கிய உவர்நீர் கசியுமாயின், அதன் தீங்கு அயல் வயலையும் கிணற்றையுமே முதலிற் சாரும்.

புத்தளம் தந்த படிப்பினை

புத்தளம் மாவட்டத்தில் 1980-ஆம் ஆண்டுகளில் இறாற் பண்ணைகள் விரைந்து பெருகின. கண்டற் காடுகளும் உவர்ச் சதுப்புகளும் குளங்களாக வெட்டப்பட்டன. பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரைப் பெற்று, கழிவு நீரையும் அதிலேயே விட்டன. ஆகவே ஒரு பண்ணையின் நோய் மற்றொன்றை எளிதில் அடைந்தது. 1996-இல் வெண்புள்ளி நோய் பரவிப் பேரிழப்பை விளைவித்தது. குளங்கள் பல கைவிடப்பட்டன. உவரேறிய அந்நிலம் பயிருக்கு எளிதில் மீள்வதில்லை.

சான்றிதழின் நிபந்தனைகள்

பொறுப்புள்ள நீருயிரின வளர்ப்புக்கெனச் சான்றளிக்கும் அமைப்புகளுள் ஏ.எஸ்.சி. ஒன்றாகும். இது 2010-இல் நிறுவப்பட்டது. 2014-இல் இது வெளியிட்ட இறால் நியமத்தில் கமக்காரர் அறியவேண்டியவை வருமாறு:

1. 1999 மே மாதத்தின் பின்னர்க் கண்டற் காட்டை அழித்து அமைத்த பண்ணை ஏற்கப்படாது.
2. உவர்நீரை நன்னீர் நிலைகளில் விடுதலாகாது. குளத்தை நிரப்ப நிலத்தடி நன்னீரை எடுத்தலாகாது.
3. அயல் நன்னீர்க் கிணறுகளும் வயல் மண்ணும் உவரேறாமற் சோதிக்கப்படல் வேண்டும்.
4. சிட்டை பெறும் இறாலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இடலாகாது.
5. பண்ணையால் அயலவர்க்கு உண்டாகும் விளைவுகளை, அவர்களையும் கேட்டே மதிப்பிடல் வேண்டும்.

பண்ணையுடன் தொடர்பற்ற தணிக்கையாளரே இவற்றைச் சோதிப்பர். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குரியது. ஆண்டுதோறும் மீளாய்வு உண்டு. தணிக்கை முன்கூட்டியே அறிவிக்கப்படும். அதன் அறிக்கையும் வெளியிடப்படும். சான்று பெற்ற இறால் மற்றையவற்றோடு கலவாதிருத்தற்காகப் பதனிடும் சாலை முதற் கடை வரை கணக்கு வைக்கப்படும்.

அனுமதிப்பத்திரம் வேறு

சான்றிதழ் பெறுதல் பண்ணையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. அரச அனுமதிப்பத்திரமோ 1996-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டத்தின்படி பெறவேண்டியதாகும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. சான்றிதழுக்குச் செலவும் மிகுதி. அதனாற் சிறு பண்ணையாளர் குழுவாகச் சேர்ந்து அதனைப் பெறவும் வழியுண்டு.

கமக்காரர் செய்யத்தக்கவை

அயலிற் குளம் வெட்டுமுன்னரே கிணற்று நீரின் உவர்த்தன்மையை அளந்து, நாளுடன் எழுதிவைத்தல் வேண்டும். முன்னைய அளவு இல்லையேல், பின்னர் உவரேறியதைக் காட்டுதல் அரிது. கோடையில் ஒரு முறையும் காலபோக மழையின் பின் ஒரு முறையும் அளத்தல் நன்று. இதற்கு விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறலாம்.

நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரை எளிதிற் பொறுக்காது. இலைநுனி வெளுத்துக் கருகுதலும், பயிர் திட்டுத்திட்டாகக் குன்றுதலும் உவரின் அறிகுறிகளாகும். மிளகாய், போஞ்சி முதலிய தோட்டப் பயிர்களும் உவர்நீரால் வாடும். ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் நெல்லினம் உண்டெனினும், அதனை நம்பி நல்ல நிலத்தை உவரேற விடுதல் தகாது.

பண்ணையின் கழிவு வாய்க்கால் எங்கே செல்கின்றது, அணை கசிகின்றதா என்பவற்றைக் கமக்கார அமைப்பு கூட்டாகக் கவனித்தல் வேண்டும். குறை காணின், அளவுக் குறிப்புடன் கமநல சேவை நிலையத்துக்கும், பண்ணை சான்று பெற்றதாயின் தணிக்கையாளருக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நாளும் அளவும் குறித்த முறைப்பாட்டை எவரும் எளிதிற் புறந்தள்ளுதல் இயலாது.