எட்டு டெர்பி, எட்டு குதிரை, ஒரே ஜாக்கி! பெசி ஷ்ராஃப்பின் சாதனை

தீப விழா சமயத்தில் திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் போனால் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. ஊரில் மாட்டுச் சந்தையும் கூடும். மாட்டோடு மாடாகக் குதிரைகளும் விலைக்கு வந்து நிற்கும்.

வாங்க வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். "நல்லா ஓடுமா?" என்று கேட்டால், "ஓட்டுறவன் ஓட்டினா ஓடும்" என்பதுதான் வியாபாரி பேச்சு.

இதே விவகாரம் டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது!

குதிரைப் பந்தயம் சூதாட்டம் என்று சொல்லி, 1974-ல் அதை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் போட்டது. 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். கிளப் விடவில்லை. வழக்கு இழுத்தடித்தது.

1996 ஜனவரி 12-ந்தேதி தீர்ப்பு. பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல. குதிரையின் தரம், அது சுமக்கும் எடை, தூரம், ஜாக்கியின் திறமை எல்லாம் சேர்ந்த திறமை விளையாட்டு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

எட்டும் எட்டு விதம்

ஜாக்கியின் திறமைக்குச் சாட்சி வேண்டுமா? மும்பை பார்சிக்காரர் பெசி ஷ்ராஃப்பைப் பாருங்கள். 2004-ல் அவர் ஓய்வு பெற்றபோது வெற்றிக் கணக்கு 1,750-ஐத் தாண்டியிருந்தது. கிளாசிக் பந்தயங்களில் மட்டும் நூற்றுக்கு மேல்!

இந்திய டெர்பியில் மட்டும் எட்டு முறை ஜெயித்தார். மும்பை மகாலட்சுமியில் 2,400 மீட்டர் ஓடும் பந்தயம் அது. நாலு வயசுக் குதிரைதான் ஓடலாம். அதாவது ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு டெர்பிதான். அப்படியானால் எட்டு வெற்றிக்கும் எட்டு வேறு வேறு குதிரை! மேலே உட்கார்ந்தவர் மட்டும் மாறவில்லை. இதையும் அதிர்ஷ்டம் என்றால் என்ன சொல்வது?

ஓய்வுக்குப் பிறகு அவர் டிரெய்னர் ஆனார்.

வயிறு காய வேண்டும்

வெளியே பார்த்தால் பளபள சட்டை, கோப்பை, போட்டோ. உள்ளே பட்டினி. டெர்பியில் ஆண் குதிரை 57 கிலோ சுமக்கும். ஜாக்கியும் சேணமும் சேர்ந்த கணக்கு இது. ஓட்டத்துக்கு முன்னும் தராசு, பின்னும் தராசு. எடை குறைந்தால் ஈயத் தகடு வைக்கலாம். கூடினால்? வயிற்றைத்தான் காயப்போட வேண்டும்.

இங்கிலாந்தின் லெஸ்டர் பிகாட் நல்ல உயரம். ஜாக்கி வேலைக்கு லாயக்கில்லாத உடம்பு. சாப்பாட்டைச் சுருக்கியே காலம் தள்ளினார். எப்சம் டெர்பியை 9 தடவை ஜெயித்தார். 1987-ல் வரி ஏய்ப்பு வழக்கில் ஜெயில்! வெளியே வந்து 1990-ல், 54 வயசில், மறுபடியும் சேணம் ஏறி அமெரிக்காவில் பெரிய பந்தயம் ஒன்றைத் தட்டிக்கொண்டு வந்தார். ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை.

விழுந்தால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. மும்பையின் இளம் ஜாக்கி கார்ல் உம்ரிகர் 1979-ல் குதிரையிலிருந்து விழுந்து பலியானார். வயசு 19.

இவ்வளவு பாடுபடுகிறவர் தன் குதிரை மீது ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டக்கூடாது. தெரிந்தால் லைசென்ஸ் காலி.

கிண்டியில் சீல்

திறமை வழக்கில் ஜெயித்த கிண்டி மைதானம் வாடகை வழக்கில் மாட்டிக்கொண்டது. 160 ஏக்கர் நிலம். 1945-ல் 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய் சொச்சம்! இன்றைக்குக் கிண்டியில் ஒரு மாசத்துக்கு ஒண்டுக் குடித்தனம்கூடக் கிடைக்காத காசு. வாடகையை உயர்த்திய அரசு, 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்றது. குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பர் 9-ந்தேதி அதிகாரிகள் கேட்டுக்கு சீல் வைத்தனர். கிளப் மறுபடி கோர்ட்டு படி ஏறியது.

பாக்கிக்கும் ஜாக்கிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவர் பிழைப்பும், லாயத்தில் குதிரை தேய்க்கிறவர் பிழைப்பும் அந்த கேட்டுக்கு உள்ளேதான் இருந்தது.