பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மே 5 வணிகர் தினம் முடிந்த கையோடு நம் அங்கத்தினர் பலருக்கு வேறொரு கவலை தொடங்கிவிடுகிறது. பிளஸ் டூ முடிவு வரும் நேரம் அது. கடைக்கு வரும் வாடிக்கையாளர், சரக்கு இறக்க வரும் லாரிக்காரர், வங்கி மேலாளர் என்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பையனை எதில் சேர்க்கப் போகிறீர்கள்?" பையனைக் கேட்டால் "தெரியலைப்பா" என்பான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்த ஒரு வார்த்தையால் சண்டை வராத வீடு குறைவு.

அந்தத் "தெரியலை" என்ற பதிலைப் பற்றியதுதான் இக்கட்டுரை. அது சோம்பேறித்தனம் என்று நாமும் ஒரு காலத்தில் நினைத்தோம். அதற்காக நாம் கொடுத்த விலையை நம் சக வணிகர்களும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே சொந்தக் கதையை இங்கே எழுதத் துணிந்தோம்.

நமது வீட்டில் நடந்தது

2009-ல் நம் மூத்த மகன் பிளஸ் டூ தேறினான். கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள முதல் குரூப். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டோம். "தெரியலைப்பா, கொஞ்ச நாள் டைம் குடுங்க" என்றான். நமக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு அரிசி மண்டியில் உட்கார்ந்தவர் நாம். படிக்க வைக்க ஆள் இருந்தும் என்ன படிப்பு என்று தெரியாதா என்று சத்தம் போட்டோம். பக்கத்துக் கடைக்காரர் மகன் மெக்கானிக்கல் சேர்ந்திருந்தான். எஸ்டேட் பக்கத்திலேயே இருக்கிறது, வேலை எளிதாகக் கிடைக்கும் என்று நாலு பேர் சொன்னார்கள். கலந்தாய்வுக்குக் கூடக் காத்திராமல், தெரிந்த ஒருவர் மூலம் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டோம்.

முதல் ஆண்டிலேயே ஐந்து பாடங்களில் அரியர். இரண்டாம் ஆண்டு பாதியில், கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆவடி ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். நம் கடை டெம்போ டிரைவர் பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் நமக்கே தெரியும். கல்லூரியில் போய்க் கேட்டோம். மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழைத் தருவோம் என்றார்கள். விதி என்னவென்று தெரியாததால், பேரம் பேசி ஒரு பகுதியைக் கட்டி மீட்டு வந்தோம். பணம் போனது கூட மனதில் ஆறிவிட்டது. இரண்டு ஆண்டு காலம் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பேசாததுதான் ஆறவில்லை.

பிறகு அஞ்சல் வழியில் பி.காம். முடித்தான். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மண்டியின் கணக்கு முழுவதையும் கணினிக்கு மாற்றியவன் அவன்தான். ஒரு நாள் இரவு கணக்கு முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னான்: "அன்னைக்குத் தெரியலைன்னு சொன்னேன்ல, என்னடா தெரியலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்பா."

நாம் கேட்கவில்லை. ஒரு லோடு அரிசி வாங்குவதென்றால் மூட்டையில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, நொய் எவ்வளவு, கல் எவ்வளவு என்று பார்க்காமல் விலை பேச மாட்டோம். நாலு ஆண்டுப் படிப்பை மட்டும் சாம்பிள் பார்க்காமல் வாங்கிவிட்டோம்.

பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்?

அமெரிக்காவில் பல கல்லூரிகளில், எந்தப் பாடம் என்று முடிவு செய்யாமலேயே மாணவன் சேரலாம். முதல் ஓரிரு ஆண்டுகள் பல பாடங்களைப் படித்துப் பார்த்து, பிறகு தன் முதன்மைப் பாடத்தைச் சொன்னால் போதும். அதுவரை அவனோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே கல்லூரியில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். "தெரியலை" என்பது அங்கே ஒரு குற்றமல்ல.

நம் ஊரில் அப்படி இல்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் 15 வயதிலேயே குரூப் எடுத்தாக வேண்டும். கணக்கும் இயற்பியலும் இல்லாத வணிகவியல் குரூப் எடுத்தவன் பிறகு நேரடியாகப் பி.இ. போக முடியாது. அறிவியல் குரூப் எடுத்தவன் சட்டம், கலைப் பாடங்கள், சி.ஏ. என்று திரும்ப முடியும். ஆகவே முதல் முடிவு பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

பொறியியலுக்கு 1997 முதல் ஒற்றைச் சாளர முறை நடக்கிறது. நுழைவுத் தேர்வு 2007-ல் நீங்கியது. இப்போது கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். 2018 முதல் எல்லாம் இணையம் வழியாகத்தான். இதற்குக் கலந்தாய்வு என்று பெயர். ஆனால் மதிப்பெண்ணுக்குத் தகுந்தபடி கல்லூரியையும் பாடத்தையும் பிரித்துக் கொடுப்பதே அங்கே நடக்கும் வேலை. உனக்கு எது பிடிக்கும், எது வரும் என்று கலந்து பேசுவது அந்தக் கணினியின் வேலையல்ல. அது அதற்கு முன்பே, வீட்டிலும் பள்ளியிலும் நடந்து முடிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எந்தப் படிப்புக்கு நாளை வேலை இருக்கும் என்று நம் தலைமுறை அடித்துச் சொல்வது நம்பத்தக்கதல்ல. அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. டன்லப்பில் வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நின்ற காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். அந்த டன்லப் ஆலை மூடப்பட்டதையும் பார்த்தோம். லேத் ஓடிய எஸ்டேட்டுக்குள்ளேயே இன்று கணினி நிறுவனங்கள் பெரிய கட்டடங்களில் இருக்கின்றன. இன்றைக்குக் கிராக்கி உள்ள படிப்பை மட்டும் பார்த்துச் சேர்ப்பது, விலை உச்சத்தில் இருக்கும்போது சரக்கை வாங்கி அடுக்குவது போன்றது. பிள்ளைக்கு அந்த வேலையில் கொஞ்சமாவது மனம் ஒட்டினால்தான் சந்தை இறங்கும்போதும் தாக்குப்பிடிப்பான்.

பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒன்று: கேட்பதற்கு இடம் இருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. பிளஸ் டூ மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டுவதற்காக 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் அதே ஆண்டில் தொடங்கின. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். கமிஷனுக்காகக் கல்லூரி சொல்லும் தரகரிடம் போவதற்கு முன் இங்கெல்லாம் கேளுங்கள்.

இரண்டு: கல்லூரியைப் பற்றி நீங்களே விசாரியுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் விளம்பரப் பலகையை நம்ப வேண்டாம். ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று: சேர்ந்த பிறகு மனம் மாறினால் பணம் முழுவதும் போய்விட வேண்டியதில்லை. யு.ஜி.சி.யின் 2018-ம் ஆண்டு அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு மேல் இருக்கும்போது விலகினால் சிறு செயலாக்கத் தொகை போகக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பின் 15 நாள் வரை 80 சதவீதம், 15-லிருந்து 30 நாள் வரை 50 சதவீதம், அதற்குப் பின் எதுவுமில்லை. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தேதிகளையும் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கி வையுங்கள்.

நான்கு: எந்த வழியும் முட்டுச் சந்து அல்ல. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வழி உண்டு. உரிய பாடங்களோடு பிளஸ் டூ தேறியவருக்கும் அந்த வழி உண்டு. டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்துவிட்டுப் பட்டம், டிப்ளமா, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' 2022-லும், ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' 2024-லும் வந்தன. கடையில் வேலை செய்யும் ஆட்களின் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வது நமது கடமை.

சாம்பிள் பார்க்க ஒரு வழி

சென்ற ஆண்டு, நம் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர் வந்து நின்றார். "அண்ணாச்சி, பாப்பா பிளஸ் டூ எழுதிருச்சு. கேட்டா தெரியலைங்குது. எல்லாரும் கம்ப்யூட்டர்ல போடச் சொல்றாங்க. நீங்க சொன்னா கேக்கும்" என்றார்.

இம்முறை நாம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை வரவழைத்து, "என்னம்மா தெரியலை?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேலைக்குப் போறவங்க உள்ள என்ன பண்றாங்கன்னே நான் பாத்ததில்லை ஐயா" என்றது. நியாயமான பதில். நமக்குத் தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று நாள், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மூன்று நாள், எஸ்டேட்டில் ஒரு நண்பரின் பட்டறையில் மூன்று நாள் உட்கார வைத்தோம். ரத்தம் பார்த்ததும் தலைசுற்றல் வந்துவிட்டது. ஆடிட்டர் அலுவலகத்தில் பொழுது போகவில்லை. பட்டறையில், செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்துத் தள்ளுபடி செய்யும் மேசையை விட்டு எழுந்து வர மனமில்லை. "பொம்பளைப் புள்ளைக்குப் பட்டறையா, அண்ணாச்சி?" என்று தகப்பனார் தயங்கினார். அந்த மேசையில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் வேலை செய்வதை நேரில் காட்டினோம். இப்போது அந்தப் பெண் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறது. நம் மகனுக்கு ஒட்டாத அதே பாடம்தான். கடைசிவரை பிடித்திருக்குமா என்று நாம் சோதிடம் சொல்ல வரவில்லை. ஏன் சேர்ந்தோம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

இதற்கு ஆன செலவு ஒன்பது நாள் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும்தான்.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை பிள்ளைகள் சும்மாதான் இருக்கிறார்கள். நம் அங்கத்தினரில் மருந்துக் கடை, அச்சகம், மின்சாதனக் கடை, குளிர்பதனக் கிடங்கு என்று எத்தனையோ தொழில் செய்பவர்கள் உண்டு. நமக்குப் பழக்கமான ஆடிட்டர், வழக்கறிஞர், டாக்டர், பட்டறை உரிமையாளர்களும் உண்டு. மூன்று நாள் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் காட்டச் சம்மதிப்பவர்களின் பட்டியல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். அவர்களிடம் வேலை வாங்கக் கூடாது, டீ வாங்கிவர அனுப்பக் கூடாது, இயந்திரத்தைத் தொடவிடக் கூடாது. பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே. பெண் பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒருவர் முதல் நாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

வாரிசுக்காகக் கடையை வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மகனோ மகளோ கடைக்கு வர விரும்பினால் அதையும் படிப்பாகவே நினைத்து, இன்னொரு கடையில் மூன்று நாள் உட்கார வையுங்கள். நம் கல்லாவில் முதலாளி மகனாக உட்கார்ந்து பார்ப்பது சாம்பிள் ஆகாது.

இவ்வாண்டு உங்கள் வீட்டில் "தெரியலை" என்ற பதில் வந்தால் சத்தம் போடாதீர்கள். கடையைப் பத்து நிமிடம் முன்னதாகச் சாத்திவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் சேர்க்க விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்கலாம். முதல் பெயராக நமது மண்டியின் பெயரைக் கொடுத்துவிட்டோம்.